படுத்தால் விட்டுவிடும் தலைவலி

டிஸ்சார்ஜ் அன்று கையில் கொடுத்த தாளின் கடைசியில், எப்போது உடனே திரும்பி வர வேண்டும் என்று நாலைந்து வரி இருந்தது. காய்ச்சல், தையலில் சீழ், கால் மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பது. தலைவலி என்று எங்கேயும் இல்லை. இடுப்பில் டிஸ்க் ஆபரேஷன் செய்துகொண்டவளுக்குத் தலைவலி வந்தால், இரண்டுக்கும் முடிச்சுப் போட வீட்டில் யாருக்குத் தோன்றும்? எனக்கும் தோன்றவில்லை, எங்கள் ஊர் டாக்டருக்கும் தோன்றவில்லை, ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் போனை எடுத்தவர்களுக்கும் தோன்றவில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிச்சத்தைப் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆன ஒருவருக்கு, எழுந்து உட்கார்ந்தால் தலை பிளக்கிற மாதிரி வலித்து, தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிற தலைவலி வந்தால், முதுகுத்தண்டின் உறைக்குள் இருக்கிற நீர் கசிகிறது என்றே வைத்துக்கொண்டு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய் நில்லுங்கள். பிறகு ஒருநாள், படுத்தாலும் அந்தத் தலைவலி போகாமல் அப்படியே இருந்தால், அது அதைவிட அவசரம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நான் காரைக்குடியில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் ஷார்ஜாவில். வீட்டில் நான், மாமியார், பிளஸ் டூ படிக்கிற மகள். நாள் முழுக்க நாற்காலியில் உட்காருகிற வேலை, இடுப்பு வலி இல்லாதவர்கள் எங்கள் ஆபீசில் குறைவு, அதனால் பல மாதம் தைலத்திலேயே ஓட்டினேன். அப்புறம் வலி இடுப்பை விட்டு இறங்கி, இடது புட்டத்திலிருந்து பாதம் வரை சுண்டி இழுக்க ஆரம்பித்தது. தும்மினால் காலில் சுரீரென்று ஓடும். எம்ஆர்ஐயில், இடுப்பின் நாலாவது ஐந்தாவது முள்ளெலும்புக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற எல்4–எல்5 டிஸ்க் பிதுங்கி நரம்பை அமுக்குகிறது என்று வந்தது. மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒருநாள் ஆலைக்குள் நடக்கும்போது இடது செருப்பு தானாகக் கழன்று பின்னால் கிடந்தது, குனிந்து பார்த்தால் பெருவிரலை மேலே தூக்கவே முடியவில்லை. இனித் தள்ளிப்போட்டால் நரம்பு திரும்ப வராது என்று மதுரையில் சொன்னார்கள், சரி என்றேன். ஆபரேஷன் தேவைதான், அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை. மயக்கம் தெளிந்தபோதே கால் வலி போயிருந்தது, விரலும் மெல்ல மெல்லத் தூக்க வந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் பயந்து ஆபரேஷனைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

ஒன்றரை மணி நேரம் என்று சொன்ன ஆபரேஷன் மூன்று மணி நேரத்துக்குப் பக்கமாக இழுத்தது என்று வெளியே உட்கார்ந்திருந்த என் நாத்தனார் சொன்னார். பக்கத்துப் படுக்கையில் அதே ஆபரேஷன் செய்த ஒரு அம்மாவை மறுநாள் காலையிலேயே எழுப்பி நடக்க விட்டார்கள். என்னை மட்டும் தலையணைகூட இல்லாமல் தட்டையாகப் படுக்கச் சொல்லி, எழுந்திருக்கவே கூடாது என்றார்கள். ஏன் சிஸ்டர் என்று கேட்டால், "சார் சொல்லியிருக்காங்கக்கா, அவ்வளவுதான்" என்று பதில் வந்தது. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது காலைத் தூக்கிப் பார்த்தார், குட் என்றார், போய்விட்டார். கேட்க வாயெடுப்பதற்குள் அடுத்த படுக்கைக்குப் போயிருந்தார்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்தது ரொம்பப் பிறகுதான், ஆனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூளையையும் தண்டுவடத்தையும் அதிலிருந்து இறங்குகிற நரம்புகளையும் சுற்றி ஒரு உறை இருக்கிறது, டியூரா என்பார்கள். அதற்குள் தண்ணீர் மாதிரித் தெளிந்த ஒரு நீர், பெரியவர்களுக்கு மொத்தமே 150 மில்லி அளவுதான். உடம்பு அதை ஒரு நாளைக்கு அரை லிட்டர் போலச் சுரந்து, பழையதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கிட்டத்தட்ட 1,400 கிராம் இருக்கிற மூளை இந்த நீரில் மிதப்பதால் அதன் கனம் 50 கிராம் அளவுக்குத்தான் கீழே அழுத்துகிறதாம். டிஸ்க்கை எடுக்கும்போதோ, நரம்பை அழுத்துகிற தடித்த சவ்வைச் சுரண்டும்போதோ அந்த உறை கிழிந்துவிடலாம். பால் பாக்கெட்டில் ஊசி ஓட்டை விழுந்தால் எப்படியோ அப்படித்தான், கிடைமட்டமாக வைத்திருக்கும்வரை பெரிதாகத் தெரியாது, தூக்கி நிறுத்தினால் அடியில் பீய்ச்சும். முதுகில் நீர் இறங்க இறங்க மேலே மிதந்த மூளை சற்றே கீழே தொங்குகிறது, அதைப் பிடித்திருக்கிற சவ்வும் ரத்தக்குழாயும் இழுபடுகின்றன. நின்றால் வலி, படுத்தால் நிம்மதி என்பதன் சூட்சுமம் இதுதான்.

உறை கிழிவது எந்த நல்ல சர்ஜன் கையிலும் நடக்கிற விஷயம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை அறுத்த இடத்தில் மறுபடி அறுத்தால் தழும்பு ஒட்டிக்கொண்டிருப்பதால் இன்னும் அதிகம் நடக்கும், வயதானவர்களுக்கும் அப்படியே. அங்கேயே கண்டுபிடித்துத் தைத்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. எனக்கு வருத்தம் கிழிந்ததில் இல்லை. கிழிந்தது, அடைத்தோம், இன்ன இன்ன பார்த்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பியதில்தான் கோபம். ஆகவே ஆபரேஷன் முடிந்ததும் நீங்களோ கூட இருப்பவரோ டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: டியூரா எங்கேயாவது கிழிந்ததா, கிழிந்திருந்தால் தைத்தீர்களா அல்லது பசை வைத்து ஒட்டினீர்களா, வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும். படுக்கச் சொல்கிற நாட்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தால் காரணம் கேட்காமல் விடாதீர்கள்.

டிஸ்சார்ஜ் ஆகி மதுரையிலிருந்து காரில் வந்தோம். முன் சீட்டைச் சாய்த்து, இடுப்புக்கு டவல் சுருட்டி வைத்து, உட்கார்ந்தபடிதான் பயணம். மேலூர் தாண்டுவதற்குள் பிடரியில் ஆரம்பித்தது. திருப்பத்தூர் வரும்போது கண்ணைத் திறக்க முடியவில்லை, எதிரே வருகிற லாரியின் லைட் பட்டாலே குமட்டல். வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தேன். வெயில், வெறும் வயிறு, மாத்திரை சூடு என்று காரில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். வீட்டுக்கு வந்து படுத்தேன், பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அடங்கிவிட்டதால்தான் வினையே. இரவு சாப்பிட எழுந்து உட்கார்ந்தால் மறுபடி.

அடுத்து வந்த நாட்களில் வீட்டு வைத்தியம் ஒன்று பாக்கியில்லை. அத்தைக்கு என்மேல் பாசம் அதிகம், அந்தப் பாசத்திலேயே நொச்சி இலையைக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து, "நீர் கோத்திருக்குத்தா, ஆவி பிடி, எறங்கிரும்" என்று போர்வையை மூடினார். தையல் போட்ட இடுப்போடு குனிந்து ஆவி பிடித்தது இருக்கிறதே, அந்த வலியை எழுத எனக்குத் தெரியாது. நீர் கோக்கவில்லை அத்தை, இருந்த நீரெல்லாம் இறங்கிக்கொண்டிருந்தது என்று பின்னாளில் அவரிடம் சொல்லிச் சிரித்தேன். பக்கத்துத் தெரு டாக்டர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்தார், ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை எழுதினார். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் ரிசப்ஷன், அங்கிருந்து வார்டு, அங்கிருந்து டியூட்டி டாக்டர். அவர் சொன்னது, "முதுகுல மயக்க ஊசி போட்டா இப்படித்தாம்மா இருக்கும், காபி நல்லா குடிங்க, ரெண்டு மூணு நாள்ல சரியாயிடும்."

இதில் பாதி உண்மை. சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்ட பெண்களுக்கு இதே தலைவலி வருவது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை, காரணமும் இதே நீர்க்கசிவுதான். ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் என்ற சர்ஜன் 1898-ல் இந்த முதுகு ஊசியைத் தன் உதவியாளரை விட்டுத் தனக்கே போடச் சொன்னார், நீர் ஒழுகிப் போனதில் அவரே ஒன்பது நாள் படுத்தால் சரி, எழுந்தால் தலைவலி என்று கிடந்தார். அவ்வளவு பழைய விஷயம். ஆனால் எனக்குப் போட்டது முதுகு ஊசியே இல்லை. வாயில் குழாய் வைத்து முழு மயக்கம் கொடுத்துக் குப்புறப் படுக்க வைத்துச் செய்த ஆபரேஷன். போனில் பேசியவர் என் பைலைத் திறந்து பார்க்கவே இல்லை. உங்களுக்கு எந்த மயக்கம் கொடுத்தார்கள் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், இப்படிப் பொத்தாம்பொதுவாகப் பதில் வரும்போது மடக்க உதவும். காபி சும்மா சொன்னதில்லை, அதில் இருக்கிற கஃபீன் கொஞ்ச நேரத்துக்குக் குறைக்கும், எனக்கும் குறைந்தது. ஓட்டை அப்படியே இருக்கும்.

ஒரு காலை, நைட்டியின் பின்பக்கம் ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்து மாற்றினேன், மத்தியானம் மறுபடி ஈரம், பாவாடை நாடா வரை. மகள்தான் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, பிளாஸ்டர் ஓரத்துல தண்ணி மாதிரி வருது" என்றாள். சீழ் இல்லை, நாற்றம் இல்லை, பிசுபிசுப்பு இல்லை. படுக்கை விரிப்பில் காய்ந்த இடத்தில் நடுவில் லேசான ரோஸ் நிறம், அதைச் சுற்றி ஈரம் பரவிய ஒரு வெளிர் வளையம். முக்கும்போதும் இருமும்போதும் கூடுதலாக வந்தது. ரத்தத்தோடு இந்த நீர் கலந்திருந்தால் துணியில் இப்படி வளையமாகப் பிரியலாம், ஆனால் அதை வைத்தே முடிவுக்கு வர முடியாது. கசிவதைப் பிடித்து பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற சோதனைக்கு அனுப்பினால் உறுதியாகச் சொல்லிவிடுவார்கள், எல்லா ஊர் லேபிலும் செய்வதில்லை, நாளும் ஆகும். எங்கள் ஊர் கம்பவுண்டர் வந்து ஈரப் பஞ்சை எடுத்துவிட்டுக் காய்ந்த பஞ்சை வைத்துக் கட்டிவிட்டுப் போனார். நீங்கள் அப்படி விட வேண்டாம். ஈரமான பஞ்சைப் போட்டோ எடுங்கள், தேதி நேரத்தோடு. வெளியே ஒரு சொட்டுகூட வராமல், தோலுக்கு அடியிலேயே நீர் தேங்கி, தையல் பக்கத்தில் மெத்தென்று வீங்குவதும் உண்டு, எழுந்து நின்றால் அந்த வீக்கம் பெரிதாகும். உலர்ந்திருக்கிறது என்பதால் கசிவு இல்லை என்று ஆகாது.

வெளியே கசிகிறது என்றால் உள்ளே போகவும் வழி இருக்கிறது என்று அர்த்தம். கிருமி அந்த வழியாக ஏறினால் மூளைக்காய்ச்சல். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கழுத்தை மடக்கித் தாடையை நெஞ்சில் வைக்க முடியாமல் விறைப்பது, பேச்சு குழம்புவது, இதில் ஏதாவது தென்பட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எனக்குக் காய்ச்சல் வரவில்லை, சந்தேகத்தில் நீரை எடுத்துச் சோதித்ததிலும் கிருமி வளரவில்லை. அந்த மட்டுக்கும் தப்பினேன். சிலருக்குக் கிழிசல் வழியாக நரம்பு இழையே வெளியே நழுவி மாட்டிக்கொள்ளும், நன்றாகிவிட்ட கால் வலி திடீரென்று திரும்பினால் அதையும் யோசிக்க வேண்டும்.

எனக்கு வந்தது வேறு. ஒருநாள் காலையில் படுத்திருக்கும்போதே தலைவலி இருந்தது. அதுவரை படுக்கைதான் எனக்கு மருந்து, அந்த மருந்து அன்றைக்கு வேலை செய்யவில்லை. நாள் முழுக்க ஒரே சீராக, விட்டு விட்டு இல்லாமல். அத்தை, "இப்ப அவ்வளவா துடிக்கலையே, கொறஞ்சிருச்சு" என்றார், வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும், ஏனென்றால் நான் எழுந்திருக்கவே முயற்சி செய்யவில்லை, தூங்கிக்கொண்டே இருந்தேன். கூரையில் இரண்டு டியூப்லைட் பக்கத்தில் பக்கத்தில் எரிந்தன, எங்கள் அறையில் இருப்பது ஒன்றுதான். ராத்திரி வீடியோ காலில் என் வீட்டுக்காரர்தான் பிடித்தார், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறாள், நாக்கு குழறுகிறது என்று. அவர் அங்கிருந்து கத்திய கத்தலில்தான் நாத்தனார் ராத்திரியே ஓடிவந்தார். அப்போதே காரைக்குடியில் தலைக்கு சிடி ஸ்கேன் எடுத்தோம். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் மெல்லியதாக ரத்தம் கட்டியிருந்தது.

மூளை கீழே தொங்கும்போது மேலே இருக்கிற மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு அறுந்து கசிகின்றன. அதுதான் இது. இந்தக் கட்டத்தில் தலைவலியின் குணமே மாறிவிடுகிறது, படுத்தாலும் போவதில்லை. அதாவது, நின்றால்தான் வலிக்கும் என்கிற அடையாளம் மறைந்துபோவது குணமாவதற்கு அறிகுறியாக இருக்க வேண்டியதில்லை, விபரீதம் கூடியதற்கும் அறிகுறியாக இருக்கலாம். எனக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒரே விஷயம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். வலியின் மாற்றம், இரட்டையாகத் தெரிவது, ஓயாத தூக்கம், காதில் இரைச்சல், வார்த்தை தடுமாற்றம், இவை வந்தால் தலைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும், அதற்கு மேல் வீட்டில் வைத்துப் பார்க்க ஒன்றுமில்லை. ஆஸ்பிரின் போல ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைப் போனவுடன் சொல்லிவிடுங்கள்.

தனியார் ஆம்புலன்சில் படுக்க வைத்து மறுபடி மதுரை, இந்தமுறை வேறு ஆஸ்பத்திரி, மூளை நரம்பியல் சர்ஜன் இருக்கிற இடம். ஆறாயிரம் ரூபாயை டிரைவர் முன்னாலேயே வாங்கிக்கொண்டார். அங்கே எம்ஆர்ஐ பார்த்த டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு தாளில் படம் போட்டு என் நாத்தனாருக்கும் எனக்கும் சொன்னார். தலையில் இருக்கிற ரத்தம் மெல்லியது, அதை இப்போது தொட வேண்டாம், முதலில் கீழே ஓட்டையை அடைத்தால்தான் மேலே நிற்கும், ஓட்டையை அப்படியே வைத்துவிட்டு மண்டையைத் துளைத்து ரத்தத்தை எடுத்தால் திரும்பக் கட்டும் என்றார். அவ்வளவு நாளில் என்னிடம் ஒருவர் விளக்கியது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது, பயத்தில் இல்லை.

பழைய தையல் வழியாகவே மறுபடி திறந்தார்கள். மைக்ரோஸ்கோப்பில் வைத்து மயிரிழை நூலால் தைத்து, மேலே கொழுப்புத் துண்டும் பசையும் வைத்து மூடினார்கள். எல்லோருக்கும் திரும்ப ஆபரேஷன் தேவைப்படுவதில்லை. சின்னக் கசிவு என்றால் படுக்க வைத்தே ஆறவிடுவார்கள், தோலில் கூடுதல் தையல் போட்டுப் பார்ப்பார்கள், உங்கள் ரத்தத்தையே கையிலிருந்து எடுத்து முதுகில் உறைக்கு வெளியே செலுத்தி அடைக்கிற ஒரு முறையும் உண்டு. இடுப்பில் மெல்லிய குழாய் விட்டு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, கிழிசலில் அழுத்தம் விழாமல் ஆறவிடுவதும் உண்டு. என் மூளை ஏற்கெனவே தொங்கியிருந்ததால் எனக்கு அதை வைக்கவில்லை, எதிர்ப் படுக்கையில் ஒரு பெரியவருக்கு வைத்திருந்தார்கள். மணிக்குப் பத்து மில்லி அளவுக்கு இறங்குகிற மாதிரி அந்தப் பையின் உயரத்தை சிஸ்டர் அளந்து தொங்கவிட்டிருப்பார். கஞ்சி குடிப்பதற்காக அவர் மகன் கட்டிலின் தலைமாட்டைச் சுழற்றி உயர்த்த, குழாயை மூடாததால் சரசரவென்று இறங்கிவிட்டது, பெரியவர் தலையைப் பிடித்துக்கொண்டு அலறினார். அந்தக் குழாய் இருக்கிற ஆளின் கட்டிலைச் சிஸ்டரைக் கூப்பிடாமல் ஏற்றவோ இறக்கவோ கூடாது, கூட இருப்பவர் மாறும்போதெல்லாம் புதிதாக வருகிறவருக்கும் இதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

தட்டையாகக் கிடக்கிற நாட்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஒருக்களித்தபடி இடியாப்பத்தைப் பிய்த்துப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன், சாம்பார் காதுக்குள் போகும். குடிப்பதற்கு வளைகிற ஸ்ட்ரா ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதைப்போல உபகாரமான பொருள் வேறில்லை. பெட்பேனில் போக வெட்கப்பட்டுச் சாப்பாட்டைக் குறைத்தேன், பலருக்கும் இப்படித்தான் தோன்றும், ஆனால் மலம் இறுகினால் முக்க வேண்டிவரும், முக்கினால் புதுத் தையலில் அழுத்தம். மலமிளக்கி மருந்தை முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். இருமல், தும்மலுக்கும் இதே கதைதான், சளி இருந்தால் சொல்லிவிடுங்கள். அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும், அதனால் பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொன்னார்கள், நினைவு வரும்போதெல்லாம் ஆட்டினேன். மகளுக்கு அப்போது ரிவிஷன் தேர்வு. அவள் சாப்பிட்டாளா, எழுந்தாளா என்று கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்கத்தான் முடிந்தது. ராத்திரியில் நாத்தனார் கீழே பாயில் தூங்கியபிறகு, இனிமேல் எழுந்து நிற்கவே மாட்டேனோ என்ற நினைப்பு வரும். அதைச் சொல்ல ஆளில்லை, ஷார்ஜாவுக்குச் சொன்னால் அவர் அங்கே தூங்க மாட்டார்.

தைத்து முடித்தபிறகும் ஒரு பூச்சாண்டி காத்திருந்தது. எழுந்து நடக்க விட்ட பிறகு ஒருநாள் நெற்றியில் வலி, இந்தமுறை தலைகீழ், படுத்தால் கூடுகிறது, உட்கார்ந்தால் குறைகிறது. மறுபடி கிழிந்துவிட்டது என்று நினைத்துக் கைகால் நடுங்கிவிட்டது. டாக்டர் சிரித்தார். இத்தனை நாள் ஒழுகிய நீருக்கு ஈடுகொடுத்தே உடம்பு பழகியிருக்கும், ஓட்டை அடைபட்டதும் கொஞ்ச காலம் அழுத்தம் கூடிப்போகும், அதற்கு மாத்திரை இருக்கிறது என்றார். தலைமாட்டை உயர்த்திப் படுத்தேன், மாத்திரை சாப்பிட்டேன், சில வாரத்தில் போய்விட்டது. இது வரலாம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஒரு ராத்திரி அழுகை மிச்சம். ஆனால் பார்வை மங்கினால் தாமதிக்காமல் வரச் சொன்னார், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தலையில் இருந்த ரத்தம் தானாகவே கரைந்தது, திரும்ப எடுத்த ஸ்கேனில் சுத்தம். காதில் மட்டும் லேசான இரைச்சல் இன்னும் இருக்கிறது, மின்விசிறி ஓடும்போது தெரியாது.

முதல் ஆஸ்பத்திரியில் ஆவணங்களைக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் இல்லை, ஆபரேஷன் நோட்ஸ், சிஸ்டர்கள் எழுதும் தாள்கள், எல்லாம். முதலில் இழுத்தடித்தார்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை விதிகளிலேயே இருக்கிறது, அந்த வரியைக் குறிப்பிட்டு இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் சீலும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். உடனே வேலை நடந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லாத ஒரு வரி ஆபரேஷன் நோட்ஸில் இருந்தது, டியூராவில் சின்னக் கிழிசல், கொழுப்பும் பசையும் வைத்து அடைக்கப்பட்டது என்று. கேஸ் போடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கிழிந்தது மட்டுமே கவனக்குறைவு ஆகிவிடாது, சொல்லாமல் விட்டதையும் போனில் அலட்சியப்படுத்தியதையும் காட்ட வேண்டும், போன் பேசிய நேரமும் வாட்ஸ்அப் போட்டோவும்தான் அதற்குச் சாட்சி என்றார் வக்கீல். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. நான் இன்னும் முடிவெடுக்கவில்லை.

பணம்தான் ஆறாத புண். முதல் ஆபரேஷன் ஒன்றே முக்கால் லட்சம் போல, பெரும்பகுதி காப்பீட்டில் போயிற்று. இரண்டாவது மூன்றே கால் லட்சத்தைத் தொட்டது. எங்கள் குடும்ப பாலிசியே மூன்று லட்சம்தான். தொகை தீர்ந்தால் திரும்ப நிரம்பும் என்று ஏஜெண்ட் சொல்லி விற்ற பாலிசி, ஆனால் கடைசியாக டாக்டரைப் பார்த்து 45 நாளுக்குள் மறுபடி வந்தால் அது அதே நோயின் தொடர்ச்சி, அதே நோய்க்கு எங்கள் பாலிசியில் நிரப்புவது கிடையாது என்றார்கள். மிச்சத்துக்கு வளையலும் ஆரமும் பேங்கில் இருக்கின்றன. ஆலையில் சம்பளமில்லாத லீவு, நடுவில் என் இடத்தில் ஒரு பையனைப் போட்டுவிட்டார்கள், இப்போது அரை நாள் வேலைதான் தருகிறார்கள். பில்லில் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். பாலிசியில் சொன்னதைவிட அறை வாடகை கூடுதல் என்று சொல்லி மற்றச் செலவுகளிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். மருந்துக்கும் ஸ்கேன் போன்ற பரிசோதனைகளுக்கும் ஐசியூ கட்டணத்துக்கும் அந்த வெட்டு செல்லாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-லேயே சொல்லிவிட்டது. எனக்கு மூன்றிலும் வெட்டியிருந்தார்கள். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதியதில் மருந்துப் பணம் மட்டும் திரும்பி வந்தது. அங்கே மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலே வராவிட்டாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கிற ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ஸ்கேனுக்கும் ஐசியூவுக்கும் பிடித்ததைக் கேட்டு சென்னை ஆம்பட்ஸ்மேனுக்குப் போன மாதம் அனுப்பியிருக்கிறேன், மனு வந்து சேர்ந்ததாகக் கடிதம் வந்திருக்கிறது.